அட்டையில் இருந்தவள் கதையில் இல்லை

போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால், லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கி முடித்துவிட்டு அம்மாவை ஒரு கஃபேக்கு அழைத்துப் போனேன். ஜார்ஜ்டவுனில் இப்போது இந்த மாதிரி இடங்கள் நிறைய. பழைய கடைவீட்டின் முகப்பைத் தொடாமல் உள்ளே மட்டும் மாற்றி, ஒரு கோப்பிக்குப் பதினான்கு வெள்ளி வாங்குவார்கள். அந்தக் கஃபேயின் சுவரில் ஒன்பது சட்டங்கள் மாட்டியிருந்தன. ஒன்பதிலும் பழைய தமிழ் மாத நாவல்களின் அட்டைகள். கைத்துப்பாக்கி, ரத்தம் சொட்டும் கத்தி, தலைவிரிகோலமாகக் கத்தும் பெண், கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள், பின்னால் ஓர் அம்பாசிடர் கார். நான் உடனே போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா ஒவ்வொரு சட்டமாக நின்று பார்த்தார். "இதெல்லாம் நாங்க படிச்ச மாதிரி புஸ்தகம்தான்டா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள இருந்தத என்ன பண்ணாங்களாம்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். கேட்கிற கேள்விதான் என்று பிறகுதான் உறைத்தது. பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகும்போது, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "நாங்கல்லாம் மொதல்ல அட்டையத்தான் கிழிச்சுப் போடுவோம். அப்புறம்தான் படிப்போம்."

சுவரில் கதை இல்லாத அட்டைகள். அம்மாவின் ஞாபகத்தில் அட்டை இல்லாத கதைகள். இந்த இரண்டுக்கும் நடுவில் கிழிந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தமிழ் கிரைம் நாவலின் அட்டை எப்படித் தயாரானது, யாருக்காகத் தயாரானது என்று பார்த்தால், நாம் அந்த நாவல்களை இகழ்ந்த விதமும் இப்போது கொண்டாடுகிற விதமும் கிட்டத்தட்ட ஒரே தவறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

சௌராஸ்தா சந்தையின் மேல்மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருப்பது பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். பள்ளிப் பாடநூல்கள், மலாய் நாவல்கள், ஆங்கிலத் துப்பறியும் கதைகள் எல்லாம் கூரை வரை அடுக்கியிருக்கும். பொறுமை இருந்தால் அடியில் தமிழும் கிடைக்கும். கஃபேக்குப் போன அடுத்த வாரம் அங்கே போய் ஒரு மாத நாவல் வாங்கினேன். மூன்று வெள்ளி. அட்டையின் மேல்பகுதி கிழிந்திருந்ததால் இதழின் பெயரும் எழுதியவர் பெயரும் இல்லை. முதல் நான்கு பக்கங்களும் இல்லை. இருக்கிற விளம்பரங்களை வைத்துப் பார்த்தால் 1990களின் தொடக்கமாக இருக்கலாம். பெயர் தெரியாமல் போனது ஒரு வகையில் நல்லது. எழுதியவரின் புகழை வைத்து இல்லாமல், கையில் இருக்கும் பொருளை வைத்தே பேச வேண்டியதாகிவிட்டது.

அட்டையில் ஒரு பெண்ணின் முகம் முக்கால்வாசி இடத்தை அடைத்திருக்கிறது. கண்கள் அகன்று, வாய் பாதி திறந்து, நெற்றியில் பொட்டு கலைந்து. அவள் கழுத்துக்குக் கீழே, உடம்பே இல்லாமல் ஓர் ஆணின் கை மட்டும், கையுறை போட்டு, துப்பாக்கியோடு. கீழ் மூலையில் ஹெட்லைட் எரியும் கார். ஓரத்தில் வழிகிற ரத்தம். கூர்ந்து பார்த்தால் இந்த நான்கும் நான்கு இடத்திலிருந்து வந்தவை. பெண்ணின் முகத்தில் வெளிச்சம் இடதுபக்கமிருந்து விழுகிறது, துப்பாக்கிக் கையில் வலதுபக்கமிருந்து. கார் ஏதோ வெளிநாட்டு விளம்பரத்திலிருந்து வெட்டியது, ஸ்டீயரிங் இடதுபக்கம் இருக்கிறது. ரத்தம் மட்டும் கையால் வரைந்தது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பொறியாளன். எங்கள் வேலையின் முதல் கட்டமே ஓர் அச்சு வேலைதான். துளைகள் வெட்டிய மெல்லிய எஃகுத் தகட்டைச் சர்க்யூட் போர்டின் மேல் வைத்து, சால்டர் பசையை இழுத்து அச்சிட வேண்டும். தகடும் போர்டும் சரியாகப் பொருந்த, போர்டின் மூலைகளில் சிறு செம்புப் புள்ளிகள் இருக்கும். கேமரா அவற்றைப் பார்த்து நிலையைச் சரிசெய்யும். அதனால் இந்த அட்டையைப் பார்த்ததும் என் கண் பெண்ணின் முகத்துக்குப் போகவில்லை. கீழ் ஓரத்தில் சரியாக வெட்டப்படாமல் தப்பிப்போன ஒரு பாதிக் குறிக்குப் போனது. வட்டத்துக்குள் ஒரு கூட்டல் அடையாளம். வண்ண அச்சில் நான்கு தகடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தப் பயன்படும் குறி அது. வழக்கமாக ஓரத்தை வெட்டும்போது குப்பைக்குப் போய்விடும். இதில் மிஞ்சியிருக்கிறது. நான்கு நிறமும் ஒரே கோடாக இருக்க வேண்டிய இடத்தில் மெஜந்தா மட்டும் தனியாகத் தள்ளி நிற்கிறது. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். எங்கள் லைனில் அதில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே மெஷினை நிறுத்திவிடுவோம்.

இந்த விலகலை வைத்தே அட்டை தயாரான வழியைப் பின்னோக்கிப் போகலாம். கணினி வருவதற்கு முன்னால் இந்த மாதிரி அட்டை முதலில் ஒரு தடித்த அட்டையில் கைவேலையாகத் தயாராகும். புகைப்படங்களைக் கத்தரித்து ரப்பர் சொல்யூஷனில் ஒட்டி, ஒட்டின விளிம்பு தெரியாமல் போஸ்டர் கலரோ ஏர்பிரஷ்ஷோ கொண்டு மூடுவார்கள். சிலர் முழுதாகவே வரைவார்கள். தலைப்பு எழுத்துக்கு அச்சுக்கோப்பு கிடையாது, கையால் எழுதியதுதான். தமிழ் கிரைம் நாவல் தலைப்புகளின் அந்தச் சொட்டுகிற, உடைகிற, சாய்கிற எழுத்துகள் தனியாக ஒரு கட்டுரைக்கு உரியவை. பிறகு அந்த மூலத்தை பிராசஸ் கேமராவில் நான்கு முறை, வெவ்வேறு வடிகட்டி போட்டுப் படம் பிடித்து, புள்ளித்திரை வழியாகச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைத்து நான்கு நெகடிவ் எடுப்பார்கள். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு. ஒரே பெரிய தாளில் பல அட்டைகள் ஒன்றாக அச்சாகும். பிறகு வெட்டி, மலிவான நியூஸ்பிரிண்ட்டில் அச்சான உள்பக்கங்களோடு சேர்த்து, முதுகில் இரண்டு பின் அடித்தால் புத்தகம் தயார்.

இதில் எனக்குப் பிடித்த விவரம் ரத்தம். நான்கு வண்ண அச்சில் சிவப்பு என்று ஒரு மை இல்லை. மெஜந்தாவும் மஞ்சளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்தான் ரத்தம் ரத்தமாகும். என் பிரதியில் மெஜந்தா தள்ளிப்போனதால், ரத்தத்தின் ஒரு விளிம்பு ரோஜா நிறத்திலும் மறு விளிம்பு மாம்பழ நிறத்திலும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு உதடு இரண்டு தடவை வரைந்த மாதிரி. அச்சுக்கூடத்தில் யாரோ ஒருவர் இதைப் பார்த்திருப்பார். நிறுத்திச் சரிசெய்தால் அத்தனை தாளும் வீண், மாதக் கடைசியும் நெருங்கிவிட்டது, ஓடட்டும் என்று விட்டிருப்பார். இது என் ஊகம்தான். ஆனால் டெலிவரி நாளில் நானும் அதே மாதிரி முடிவு எடுத்திருக்கிறேன்.

*

அட்டையில் பெண்ணைப் போட்டுத்தான் தமிழில் துப்பறியும் கதை விற்க வேண்டும் என்று விதி ஒன்றும் இருந்ததில்லை. தமிழ்வாணனை எடுத்துக்கொள்வோம். அவருடைய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும். முகமே வேண்டாம், அந்த இரண்டை வரைந்தால் தமிழ் தெரிந்தவனுக்கு ஆள் தெரிந்துவிடும். எழுதுகிறவர் தன்னையே ஒரு முத்திரையாக மாற்றிக்கொண்டது அது. அவருடைய சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே துப்பறிந்தவர். என் தாத்தா தலைமுறை இங்கே அவரைப் படித்தது. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. தாத்தா தமிழ்வாணனை அட்டை போட்டு மறைத்ததாக எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அலமாரியில் முகம் தெரியும்படிதான் அடுக்கியிருந்தாராம்.

வார இதழ் தொடர்கதைகளின் ஓவியம் இன்னொரு வகை. சுஜாதாவின் கணேஷ்–வசந்துக்கு ஜெயராஜ் வரைந்த படங்களைப் பற்றி இன்றும் பேசுகிறோம். ஜெயராஜின் பெண்கள் கவர்ச்சியாக இருக்கிறார்கள் என்று அப்போதே முகம் சுளித்தவர்கள் உண்டு. அது நியாயமான விமர்சனமா என்பது வேறு விஷயம். அந்தப் படங்கள் அந்த வாரத்துக் கதைக்கு வரைந்தவை. கதையில் நடக்கிற ஏதோ ஒன்று படத்தில் இருக்கும். வசந்த் வழிந்தால் படத்திலும் வழிவான்.

மாத நாவல் வேறு ரகம். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று பெரிய பெயர்கள் மாதம் ஒன்றல்ல, பல நாவல்கள் எழுதினார்கள். ராஜேஷ்குமாரின் நாவல்கள் 1500ஐத் தாண்டும். ஜி. அசோகன் நடத்திய 'பாக்கெட் நாவல்', 'கிரைம் நாவல்' போன்ற இதழ்கள் பஸ் நிலையத்திலும் டீக்கடையிலும் ரயில்வே பிளாட்பாரத்திலும் கிளிப் போட்டுத் தொங்கின. அடுத்த மாத நாவலின் பெயரை இந்த மாதமே அறிவித்துவிடுவார்கள். இந்த வேகத்தில், ஓவியர் முழுக் கதையையும் படித்துவிட்டு அட்டை போடுவது எத்தனை தடவை நடந்திருக்கும்? தலைப்பும் ஒரு வரிக் குறிப்பும் கையில் இருந்தாலே பெரிது என்று நினைக்கிறேன். எந்தக் கதைக்கும் பொருந்துகிற ஒரு பயமும் ஒரு பெண்ணும் ஒரு ஆயுதமும்தான் அப்போது கைகொடுக்கும்.

தமிழ்நாடுதான் இதைக் கண்டுபிடித்தது என்றில்லை. 1920ல் தொடங்கிய 'பிளாக் மாஸ்க்'கும் அதற்குப் பின்வந்த அமெரிக்கப் பல்ப் இதழ்களும் இதே கணக்கில்தான் ஓடின. உள்ளே மட்டமான மரக்கூழ்த் தாள், அட்டைக்கு மட்டும் வழவழப்பான தாளும் வண்ணமும். நார்மன் சாண்டர்ஸ் மாதிரி ஓவியர்கள் அட்டைகளை ஆயில் பெயிண்ட்டில் வரைந்தார்கள். சில நேரம் அட்டைப்படத்தை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி கதை எழுதச் சொல்வதும் நடந்தது. அங்கேயும் கட்டிப்போடப்பட்ட பெண், கிழிந்த உடை, நெருங்கி வரும் கத்தி. 'ஸ்பைசி டிடெக்டிவ்' வகை அட்டைகள் போன போக்கில், 1940களின் தொடக்கத்தில் நியூயார்க் மேயர் லா கார்டியா அவற்றுக்கு எதிராகக் கிளம்பினார். 1943ல் அந்த 'ஸ்பைசி' வரிசையே 'ஸ்பீட்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அங்கே மேயர் செய்ததை இங்கே அம்மாவும் அவருடைய தோழிகளும் ஆளுக்கு ஒரு பழைய பேப்பரை வைத்துச் செய்துகொண்டார்கள்.

*

அம்மா 1988ல், பத்தொன்பது வயதில், பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தார். பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ். போக ஒரு மணிநேரம், வர ஒரு மணிநேரம், நைட் ஷிப்ட்டும் உண்டு. பஸ்ஸில் தமிழ்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர். அதில் ஒரு அக்காவின் அண்ணன் மார்க்கெட் தெருவில் மாத நாவல் வாங்குவாராம். அவர் படித்து முடித்ததும் புத்தகம் தங்கச்சி கைக்கு வரும், அங்கிருந்து பஸ் முழுக்கப் போகும்.

"அட்டைய ஏன்மா கிழிச்சீங்க? பேப்பர் போட்டு மூடியிருக்கலாமே?"

"மூடுனா எதையோ மறைக்கிறோம்னு தெரிஞ்சிடும். கிழிச்சிட்டா சும்மா பழைய புஸ்தகம். எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, படம் நல்லாத் தெரியும்."

இந்தக் கடைசி வரியைக் கேட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுத்து தெரியாத அப்பாவுக்கும் அட்டை புரியும். அதற்காகத்தான் அட்டையே இருக்கிறது. பத்தடி தள்ளி நிற்கிறவன் கண்ணில் இரண்டு விநாடியில் பட வேண்டும். கடையில் காசு எடுத்துக் கொடுப்பவன் பெரும்பாலும் ஆண். அட்டை அவனோடு பேசுகிறது. புத்தகம் அதற்குப் பிறகு நான்கைந்து கைகள் மாறுகிறது, அந்தக் கைகளில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. அவர்களுக்கு அட்டை வெறும் தொல்லை. வாங்கியவருக்குச் செய்த அட்டையும், கடைசியில் படித்தவருக்குப் போய்ச் சேர்ந்த கதையும் ஒரே பின்னில் மாட்டிக்கொண்ட இரண்டு தனித்தனிச் சரக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

என் மூன்று வெள்ளிப் பிரதியை இதற்குச் சோதனையாக வைத்துக்கொண்டேன். இரண்டு இரவில் படித்து முடித்தேன். சாவது ஓர் ஐம்பது வயது ஃபைனான்ஸ் கம்பெனி முதலாளி. கொன்றது யார் என்பது ஒரு கையெழுத்தில் மாட்டுகிறது. அதைக் கண்டுபிடிப்பது அந்தக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருக்கும் பெண். பன்னிரண்டு வருஷமாக முதலாளியின் கையெழுத்துக்குக் கீழே பெயரை அடித்துக் கொடுத்தவள், அதனால் 'ர' போடும் விதம் மாறியதை அவளால் சொல்ல முடிகிறது. கதை முழுக்க அவள் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கையுறை போட்ட துப்பாக்கிக் கையும் இல்லை, விஷம் வைத்துத்தான் கொலை. கார் வருகிறது, அது பழைய பியட். அட்டையில் இருந்தவளைக் கதை முழுக்கத் தேடினேன், அவள் எங்கேயும் வரவில்லை.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. அட்டை மோசம், உள்ளே எல்லாம் பெண்களுக்கு மரியாதை என்று நான் சொல்லிவிட்டால் அது பொய். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா ஜோடியில் சுசீலா புத்திசாலி, தைரியசாலி, பரத்தோடு சரிக்குச் சரி வேலை செய்பவள். கூடவே அவளுடைய டி-ஷர்ட் வாசகங்கள் ரொம்பப் பிரபலம். அந்த வாசகத்தைப் படிக்கிற சாக்கில் வாசகன் எங்கே பார்க்கிறான் என்பது எழுதியவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அது கதைக்குள்ளேயே மாட்டிய ஒரு சின்ன அட்டைப்படம். ராஜேஷ்குமாரின் விவேக்கோடு வரும் ரூபலா, சுபாவின் நரேந்திரனோடு வரும் வைஜெயந்தி எல்லாரும் இந்த இரண்டு வேலையையும் சேர்த்தே சுமந்தார்கள். துப்பும் துலக்க வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும். ஆனாலும் இவர்கள் பேசினார்கள், கேள்வி கேட்டார்கள், கதையை நகர்த்தினார்கள், அடுத்த மாதமும் உயிரோடு வந்தார்கள். அட்டையில் இருந்தவளுக்கு இதில் எதுவும் கிடையாது. மாதாமாதம் பயந்துகொண்டே இருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை கொடுக்கவில்லை.

அம்மாவிடம் கேட்டேன், அந்த வயசில் யாரைப் பிடிக்கும் என்று. "சுசீலா," என்றார் யோசிக்காமல். "ஏன்?" "அவ பைக் ஓட்டுவா இல்ல, அந்த மாதிரி எதாச்சும் செஞ்சிக்கிட்டே இருப்பா. எங்க லைன்ல லீடரு எல்லாம் ஆம்பளைங்க." டி-ஷர்ட் பற்றிக் கேட்கத் தயங்கினேன். அவரே, "அந்த சட்டை விஷயமெல்லாம் வந்தா நாங்க தாண்டிப் போயிருவோம்" என்று சொல்லிவிட்டார். அட்டையைக் கிழித்த அதே கை உள்ளேயும் தனக்கு வேண்டாததைக் கிழித்துக்கொண்டே போயிருக்கிறது. வெகுஜன வாசகர்கள் கொடுத்ததை அப்படியே விழுங்குகிறவர்கள் என்று நம் விமர்சனக் கட்டுரைகளில் படித்து, நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தவன்.

*

என் வயதுக்காரர்களிடம்தான் இதைப் பேச வேண்டும். நிபோங் திபாலில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே நான் தமிழ் இலக்கியத்துக்கு வந்தேன். சிற்றிதழ் மரபு வழியாக வந்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாத நாவல் என்று சொன்னாலே உதட்டைப் பிதுக்குவோம். எத்தனை படித்திருக்கிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். ஒன்றுகூட முழுதாகப் படித்ததில்லை. அட்டையைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தேன். படம் மட்டும் தெரிந்த என் தாத்தா செய்ததும் அதுதான். அவருக்காவது எழுத்து தெரியாது என்ற காரணம் இருந்தது.

பிறகு காற்று மாறியது. 2008ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் ப்ரீதம் கே. சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில், ராகேஷ் கன்னா பதிப்பித்து, தமிழ்ப் பல்ப் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பைக் கொண்டுவந்தது. மாத நாவல் அட்டைகளை வரைந்துகொண்டிருந்த ஷ்யாமின் ஓவியங்கள் தமிழ் தெரியாதவர்களின் மேசைக்கும் போயின. நியாயமாகச் சொன்னால், அவர்கள் அட்டையோடு நிற்கவில்லை. தமிழ்வாணனிலிருந்து ரமணிசந்திரன் வரை கதைகளையும் மொழிபெயர்த்தார்கள், ஓவியர் பெயரையும் போட்டார்கள். அதற்குப் பின்னால் வந்த அலைதான் பிரச்சினை. டி-ஷர்ட், போஸ்டர், குவளை, கஃபே சுவர். 'ரெட்ரோ' என்ற ஒரு சொல் போதும், கத்துகிற பெண் அழகான அலங்காரமாகிவிடுகிறாள். அச்சு விலகல் கூட இப்போது ஒரு ஃபில்டர், போன் ஆப்பில் வேண்டுமென்றே மெஜந்தாவைத் தள்ளிவிடலாம். ஒரு தொழிலாளி நேரமில்லாமல் விட்ட பிழையை நாம் பாணி என்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

"அது அந்தக் காலம், அதுக்குப் போய் இவ்ளோ சீரியஸாவா?" என்று ஒரு நண்பன் கேட்டான். அவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்த அட்டைகளின் உழைப்பு உண்மையானது. மாதாமாதம், குறைந்த காசுக்கு, கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு, எழுத்து தெரியாதவனையும் நிறுத்திப் பார்க்கவைக்கிற ஒரு படத்தைச் செய்வது லேசான காரியமில்லை. நம் கவிதைத் தொகுப்புகளின் அட்டைகளில் இருக்கும் மங்கிய ஜன்னலும் ஒற்றை இலையும் யாரை நிறுத்தியிருக்கின்றன? ஆனால் அந்த உழைப்பை மதிப்பதென்றால் அது எதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பெண்ணின் பயத்தை விலைச்சீட்டு மாதிரி ஒட்டி விற்றார்கள். அந்தக் காலத்திலேயே அது பிடிக்காமல் கிழித்துப்போட்ட பெண்கள் ஒரு பஸ் நிறைய இருந்தார்கள். 'அந்தக் காலம்' என்று சொல்லும்போது அவர்களையும் அந்தக் காலத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

எனக்கு வேண்டியது அட்டையும் கதையும் மறுபடி ஒரே இடத்தில் இருப்பது. இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் நாவல், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். அவருடைய தொழில் விளம்பரப் பலகை எழுதுவது. எழுத்தும் படமும் எப்படித் தயாராகின்றன என்பது கைக்குத் தெரிந்த மனிதர். 1992ல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் 1994ல் அந்தச் சேகரிப்பு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. மலேசியாவுக்கு வந்து, பஸ்ஸில் கைமாறி, ஓரத்தில் யாரோ பேனாவால் பெயர் எழுதிய மாத நாவல்களுக்கு இங்கே அப்படி ஓர் இடம் இல்லை. சௌராஸ்தாவின் அடியில் கிடப்பதுதான் இருக்கிறது. குறைந்தபட்சம் நம்மில் யாராவது அவற்றை ஸ்கேன் செய்யும்போது அட்டையோடு நிறுத்தாமல் கடைசிப் பக்கம் வரை செய்யலாம். எங்கேயாவது ஓவியரின் கையெழுத்து மூலையில் தெரிந்தால் அதைக் குறித்து வைக்கலாம். கைமாறிப் படித்த அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்கலாம்.

என் பிரதியை அம்மாவிடம் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்தாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று சொன்னதும், "மொத நாலு பக்கம் எதுக்கு? யாராச்சும் செத்திருப்பாங்க, இல்லன்னா ராத்திரி போன் அடிச்சிருக்கும்," என்றார். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது பாதி தாண்டியிருந்தார். இந்தத் தடவை அட்டையைக் கிழிக்கவில்லை. தேத்தண்ணி கலக்க எழுந்தபோது, படித்த இடம் கலையாமலிருக்கப் புத்தகத்தைத் திறந்தபடி கவிழ்த்து வைத்தார். அந்தப் பெண்ணின் முகம் மேலே வந்தது. ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, பக்கத்துக்கு அடையாளமாகத் தன் மூக்குக் கண்ணாடியை நடுவில் வைத்தார்.